பெஞ்சும் நாற்காலியும்

புலையர் தலைவர் அய்யன்காளி ஒரு சிறுமியின் கையைப் பிடித்தபடி பள்ளிக்கூட வாசலில் நிற்கும் படம் எங்கள் பக்கத்துச் சுவர்களில் அடிக்கடி கண்ணில் படும். அவர் பிறந்த நாளான ஆகஸ்ட் 28 நெருங்கினால் அமரவிளைப் பாலத்தைத் தாண்டி நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று நெடுஞ்சாலையோரம் ஃபிளெக்ஸ்களிலும் வரும். தலைப்பாகை, நீண்ட கோட்டு, முறுக்கிய மீசை, நேராகப் பார்க்கும் கண்கள். யார் வரைந்தாலும் அய்யன்காளி அய்யன்காளியாகவே இருப்பார், ஏனென்றால் அவருக்குப் புகைப்படம் உண்டு. அவர் கையில் தொங்கும் சிறுமிக்கு அப்படி எதுவும் கிடையாது. 1910-களில் ஒரு புலையக் குடிசைப் பிள்ளையை நிறுத்திவைத்துப் படம் எடுக்க யார் இருந்தார்கள்? அதனால் ஒரு சுவரில் அவளுக்குச் சினிமாக் குழந்தையின் முகம், இன்னொரு சுவரில் பாடநூல் அட்டையில் வரும் முகம், மற்றொன்றில் முகமே இல்லை, முதுகும் இரட்டைச் சடையும் மட்டும். அவள் பெயர் பஞ்சமி. அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் மனதில் ஏதோ நெருடிக்கொண்டே இருக்கிறது. அய்யன்காளியின் மேல் உள்ள மதிப்பு அதனால் இம்மியும் குறையவில்லை. நெருடல் அவரைப் பற்றியதே இல்லை. அந்தக் கையை விட்டபிறகு அவள் எங்கே போனாள், அந்த வாசலுக்குள் நுழைந்த அவளுடைய பேத்திகளும் கொள்ளுப்பேத்திகளும் பள்ளிக்கூடத்தின் எந்த அறைவரை போக முடிந்தது என்பதைப் பற்றியது.

பாலராமபுரத்தில் இறங்கிக் காட்டாக்கடை போகும் பேருந்தில் ஏறினால் ஊரூட்டம்பலம். பெரிய ஊர் கிடையாது. ரப்பர், தென்னை, வீட்டுப் பின்புறங்களில் மரச்சீனி, மழை பெய்தால் சாலையில் வழியும் செம்மண் தண்ணீர். பூஜாரி ஐயன் என்பவரின் மகள் பஞ்சமியை அய்யன்காளி இங்கேயுள்ள பள்ளிக்குத்தான் கூட்டிவந்தார். தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்ற அரசு உத்தரவு கையில் இருந்தது. திவான் பி. ராஜகோபாலாச்சாரியும் கல்வித்துறை இயக்குநர் மிச்சலும் அந்த உத்தரவுக்குப் பின்னால் இருந்தார்கள். ஆனால் திருவனந்தபுரத்தில் போட்ட கையெழுத்துக்கு ஊரூட்டம்பலத்து வாசலில் மதிப்பிருக்கவில்லை. தலைமையாசிரியர் மறுத்தார். பிள்ளையை உள்ளே கொண்டுபோய் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். மற்றப் பிள்ளைகள் எழுந்து போனார்கள். வெளியே அடிதடி, பிறகு பள்ளிக்கே தீ. அந்தத் தீயில் கருகி மிஞ்சிய பெஞ்சு ஒன்றை இன்றும் அந்தப் பள்ளியில் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். வருடம் 1910 என்பார்கள் சிலர், 1914 என்பார்கள் சிலர். 1914 என்பவர்கள் கொல்லம் ஆண்டு 1090-ல் இந்தப் பக்கம் முழுக்கப் பரவிய கலவரத்தோடு, 'தொண்ணூறாமாண்டு லகளை' என்று கிழவர்கள் சொல்வதோடு, இதைச் சேர்த்துச் சொல்வார்கள். ஒரு சிறுமி பள்ளிக்கூடம் போன நாளை எந்த வருடத்தில் வைப்பது என்பதில்கூட இத்தனை இழுபறி. அய்யன்காளி வில்லுவண்டியில் ராஜபாதையில் போனது 1893, சாதுஜன பரிபாலன சங்கம் தொடங்கியது 1907, ஸ்ரீமூலம் பிரஜாசபையில் உறுப்பினரானது 1911 என்று அவருடைய வாழ்க்கை வரிசையாக நிற்கிறது. பஞ்சமியின் வாழ்க்கையில் நமக்குத் தெரிந்தது ஒரே ஒரு நாள், அதற்கும் தேதி நிச்சயமில்லை. 2022-ல் கேரள அரசு அந்தப் பள்ளிக்கு அய்யன்காளி–பஞ்சமி நினைவு அரசு யு.பி. பள்ளி என்று பெயர் வைத்தது. நல்ல காரியம். அவள் பெயரும் பலகையில் ஏறியதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி உண்டு.

ஆனாலும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. பஞ்சமிக்கு ஓர் அம்மா இருந்திருப்பாள். இந்தக் கதையை நான் பல வாய்களில் கேட்டிருக்கிறேன், மேடையில், வீட்டுத் திண்ணையில், கட்சிக்காரர்களிடம், பாதிரியார்களிடம். தகப்பன் பெயரை எல்லோரும் சொல்வார்கள். தாயின் பெயரை ஒருவர்கூடச் சொல்லிக் கேட்டதில்லை. அன்று காலையில் அந்தப் பிள்ளையின் தலையில் எண்ணெய் வைத்து வாரிவிட்டது யார்? துவைத்த துணி என்று ஒன்றை எங்கிருந்தோ தேடி எடுத்து உடுத்திவிட்டது யார்? அடி விழும், வீடு எரியும் என்று தெரிந்தும் பிள்ளையை அனுப்பச் சம்மதித்தது யார்? பள்ளிச் சேர்க்கைக்காக 1907-லும் 1908-லும் இந்த வட்டாரத்து விவசாயக் கூலிகள் வயலில் இறங்காமல் நடத்திய வேலைநிறுத்தத்தைப் பற்றியும் இதேதான் சொல்லவேண்டும். எங்கள் பிள்ளைகளைப் படிக்க விடாவிட்டால் உங்கள் வயலில் முட்டிப்புல் முளைக்க வைப்போம் என்று அய்யன்காளி சொன்னதாக ஊரில் சொல்வார்கள். வயலில் முட்டிப்புல் முளைக்காமல் அதுவரை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பெண்கள். ஞாறு நடுவதும் களை பறிப்பதும் அவர்கள் வேலை. அவர்கள் குனியாமல் நிமிர்ந்து நின்றதால்தான் புல் வளர்ந்தது. குடிசையில் அடுப்பு எரியாதபோது பிள்ளைகளின் பசியைச் சமாளித்தவர்களும் அவர்களே. கூலிக்காரர்கள் பட்டினியில் விழாமலிருக்க கடற்கரை மீனவர்கள் அவர்களைத் தங்கள் வள்ளங்களில் வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள் என்று வரலாறு சொல்கிறது. மத்தியஸ்தம் செய்த மாஜிஸ்திரேட் கண்டலை நாகம் பிள்ளையின் பெயரையும் சொல்கிறது. வேலைக்குப் போகாமலிருந்த ஒரு பெண்ணின் பெயரையும் சொல்வதில்லை. கல்விக்காக நடந்த போராட்டங்களில் நான் அறிந்தவரை இதைப் போல இன்னொன்று இல்லை. கூலி உயர்வோடு பள்ளிச் சேர்க்கையையும் கேட்டு எழுத்தறியாதவர்கள் மாதக்கணக்கில் வயலைத் தரிசாகப் போட்டார்கள். அதில் பாதிக்குமேல் பெண்களின் உழைப்பு. ஆனால் படத்தில் அவர்கள் இல்லை. படத்துக்கு ஒரு தலைவரும் ஒரு குழந்தையும் போதுமானதாக இருக்கிறது.

எதிர்த்தவர்கள் யார் என்றும் பார்க்க வேண்டும், அங்கேயும் எளிதான பதில் கிடையாது. நெய்யாற்றின்கரைக்காரர்கள் பெருமையோடு நினைவுகூரும் ஒரு பெயர் 'சுதேசாபிமானி' ராமகிருஷ்ண பிள்ளை. அதியன்னூரில் பிறந்தவர், திவானின் ஊழலை எழுதியதற்காக 1910 செப்டம்பர் 26 அன்று பத்திரிகை பறிமுதல் செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டவர். பத்திரிகைச் சுதந்திரம் என்று கேரளத்தில் யார் பேசினாலும் அவரில் தொடங்குவார்கள். அதே 1910-ல் அதே பத்திரிகையில் புலையப் பிள்ளைகளை மற்றவர்களோடு ஒரே வகுப்பில் உட்கார வைப்பதை எதிர்த்து எழுதினார். தலைமுறைகளாக அறிவைப் பயிர் செய்தவர்களையும் தலைமுறைகளாக நிலத்தைப் பயிர் செய்தவர்களையும் ஒன்றாக அமர்த்துவது குதிரையையும் எருமையையும் ஒரே நுகத்தில் பூட்டுவது போலாகும் என்பது அவருடைய வாதம். அவர் கோயில் வாசலில் கம்போடு நின்ற முரடர் கிடையாது. படித்தவர், மார்க்ஸின் வாழ்க்கையை மலையாளத்தில் எழுதியவர். அவர் பேசியது சாதியின் மொழியில் இல்லை, கல்வித் தரத்தின் மொழியில். இதுதான் என்னை அதிகம் தொந்தரவு செய்கிறது. தீ வைத்தவர்களை அடையாளம் காண்பது சுலபம். தரம் கெட்டுப்போகும் என்று கவலைப்பட்டவர்களின் குரல் நூறு வருடமாக அணையாமல் இருக்கிறது. வகுப்பறை வாசலில் நின்ற அந்தக் கவலை பிறகு ஆசிரியர் நியமனத்தின் வாசலுக்குப் போயிற்று, அதற்குப் பிறகு தலைமையாசிரியர் அறையின் வாசலுக்குப் போயிற்று.

பஞ்சமியை நினைக்கும்போது எனக்கு அமெரிக்காவின் ரூபி பிரிட்ஜஸ் ஞாபகம் வருவதைத் தவிர்க்க முடிவதில்லை. 1960 நவம்பர் 14 அன்று நியூ ஆர்லியன்ஸ் நகரின் வில்லியம் ஃபிரான்ட்ஸ் தொடக்கப் பள்ளிக்குள் கூட்டாட்சிக் காவலர்கள் சூழ நடந்துபோன ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி. வெள்ளைப் பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒரு வருடம் முழுக்க பாஸ்டனிலிருந்து வந்த பார்பரா ஹென்றி என்ற ஒரே ஆசிரியையிடம், காலி வகுப்பறையில் தன்னந்தனியாக அவள் படித்தாள். தகப்பனுக்கு வேலை போயிற்று. நார்மன் ராக்வெல் 1964-ல் அவளை வரைந்தார். அந்த ஓவியத்தில் காவலர்கள் நான்கு பேருக்கும் தலை கிடையாது, சட்டகத்தின் விளிம்பு அவர்களைத் தோளோடு வெட்டிவிடுகிறது. சுவரில் வசைச்சொல், எறிந்த தக்காளியின் சிவப்பு, நடுவே வெள்ளைக் கவுனில் அவள் மட்டும் முழுதாக, கையில் அளவுகோலும் நோட்டும். ஓவியர் அப்படி வெட்டியதில் ஒரு முடிவு இருக்கிறது. இது யாருடைய நடை என்பதை அவர் சொல்லிவிடுகிறார். நம் சுவர்ப் படங்களில் வெட்டு வேறு விதமாக விழுகிறது. இன்னொன்றும் உண்டு: ரூபியின் தாய் பெயர் லூசில். கணவர் தயங்கியபோது பிள்ளையை அந்தப் பள்ளிக்கே அனுப்ப வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் அவர்தான் என்பது பதிவாகியிருக்கிறது. ரூபி வளர்ந்து தன் கதையைத் தானே எழுதினார், இன்றும் பள்ளி பள்ளியாகப் போய்ப் பேசுகிறார்.

இதைச் சொல்லும்போது அமெரிக்காவை உயர்த்திப் பிடிப்பதாகத் தோன்றலாம். அங்கே நடந்த இன்னொரு காரியத்தைச் சொன்னால்தான் என் நெருடல் எங்கே இருக்கிறது என்று விளங்கும். 1954-ல் பிரவுன் வழக்கின் தீர்ப்பு வந்து, பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்றானது. கறுப்பினப் பிள்ளைகளுக்கு வெள்ளையர் பள்ளிகள் திறந்தன. கறுப்பினப் பள்ளிகள் வரிசையாக மூடப்பட்டன. அந்தப் பள்ளிகளில் பாடம் நடத்தியவர்கள், அவற்றைத் தலைமையேற்று நடத்தியவர்கள் என்ன ஆனார்கள்? அடுத்த பத்தாண்டில் தென் மாநிலங்களிலும் எல்லை மாநிலங்களிலும் சுமார் 38,000 கறுப்பின ஆசிரியர்களும் நிர்வாகிகளும் வேலை இழந்ததாக மதிப்பிடுகிறார்கள். ஆசிரியர்களில் பெரும்பாலோர் பெண்கள். பிள்ளைகளை உள்ளே விட்டார்கள், டீச்சர்களை வெளியே அனுப்பினார்கள். தென் கரோலினாவின் செப்டிமா கிளார்க் நாற்பது வருடம் பாடம் சொல்லிக்கொடுத்தவர். கறுப்பின உரிமைச் சங்கத்தில் உறுப்பினராக இருப்பதை விட மறுத்ததால் 1956-ல் வேலையும் ஓய்வூதியமும் பறிபோயின. அவர் பிறகு கிராமம் கிராமமாகக் குடியுரிமைப் பள்ளிகளை உருவாக்கி, வாக்காளராகப் பதிவு செய்ய எழுத்துத் தேர்வு எழுதவேண்டியிருந்த முதியவர்களுக்குக் கையெழுத்துப் போடவும் விண்ணப்பம் நிரப்பவும் கற்றுத்தந்தார். அந்த 38,000 என்ற எண்ணை முதலில் படித்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்: ஒரு சமூகம் ஒடுக்கப்பட்டவர்களின் குழந்தையை ஏற்றுக்கொள்வது எளிது, ஏனென்றால் குழந்தை கீழே பெஞ்சில் உட்கார்ந்து தலை நிமிர்ந்து மேலே பார்க்கும். அதே சமூகத்திலிருந்து வரும் ஒரு பெண்ணை, தன் பிள்ளையின் மதிப்பெண்ணைத் தீர்மானிப்பவளாக, தன் ஆசிரியர்களின் விடுப்பு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுபவளாக, நாற்காலியில் ஏற்றுக்கொள்வது முற்றிலும் வேறு காரியம்.

பாறசாலைப் பக்கம் ஓய்வுபெற்ற ஒரு டீச்சரை எனக்குத் தெரியும். சாம்பவர் குடும்பம். அம்மா செங்கல் சூளையில் கல் சுமந்தவர். டீச்சர் பி.எஸ்.சி. எழுதி அரசுப் பள்ளியில் வேலைக்கு வந்து, பணிக்காலத்தின் கடைசியில், நிரந்தரமாக ஆள் வரும்வரை சில மாதம் சார்ஜ் எச்.எம். ஆக இருந்தார். பேச்சு வாக்கில் அதைப் பற்றிக் கேட்டேன். "நாற்காலியில நான்தான் மக்களே இருக்கேன். டி.சி. வாங்க வந்த அம்மை என் மொகத்தப் பாத்தே கேக்கா, 'எச்.எம். இல்லியா?'ன்னு. நான்தான்னு சொன்னேன். அப்பமும் அவ போவல்ல. 'வேற சார் யாராவது உண்டா'ன்னு வாசலப் பாத்துட்டு நின்னா." டீச்சருக்குக் கோபம் வரவில்லையா என்றேன். "கோவம் என்னத்துக்கு? கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். அவ பிள்ளைக்க டி.சி.ல என் கையெழுத்துதானே கெடக்கு" என்றார். அய்யன்காளி ஜெயந்தி வந்தால் பஞ்சமியின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல எப்போதும் இவரைத்தான் அழைப்பார்களாம். "அன்னைக்கு மட்டும் எல்லாவரும் என்னைத் தேடுவாவ. மத்த நாள்ல டைம்டேபிள் போடக்கூட என்னட்டக் கேக்கமாட்டாவ." இதை அவர் குறையாகச் சொல்லவில்லை, நேற்று மழை பெய்தது என்பதைப் போலச் சொன்னார். ஆனால் அவருடைய பெட்டியில் ஒரு பழைய நோட்டு இருக்கிறது. சார்ஜ் எடுத்த மாதங்களில் பள்ளிக்கூடத்தில் செய்ய வேண்டியவை என்று எழுதிவைத்தது. பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள், மதியம் சாப்பிடாமல் இருக்கும் பிள்ளைகளின் பெயர்கள், ஜாதிச் சான்றிதழ் கிடைக்காமல் உதவித்தொகை நின்றுபோன பிள்ளைகளின் பட்டியல், அவர்களுக்காகத் தாலுகா அலுவலகத்தில் யாரைப் பார்க்க வேண்டும் என்ற குறிப்பு. பிள்ளைகளின் பெயருக்கு எதிரே அம்மாவின் பெயரும் அம்மா எங்கே வேலைக்குப் போகிறார் என்பதும் எழுதியிருந்தது. தலைமை என்றால் என்ன என்பதைப் பற்றி நான் படித்த எந்தப் புத்தகமும் அந்த நோட்டுக்குப் பக்கத்தில் வராது. உதவித்தொகை நின்றுபோவது எப்படி என்று அனுபவித்தவருக்குத்தான் அந்தப் பட்டியல் போடத் தோன்றும். மற்றவர்கள் கெட்டவர்கள் என்பதில்லை, அவர்கள் கண்ணில் அது படாது.

1937 ஜனவரியில் காந்தி வெங்ஙானூருக்கு வந்தபோது, சாகும் முன் தன் சமூகத்தில் பத்து பி.ஏ.க்காரர்களைப் பார்க்க வேண்டும் என்று அய்யன்காளி சொன்னது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. கோயில் நுழைவுப் பிரகடனம் வந்து இரண்டே மாதம். கோயில் திறந்த கொண்டாட்டத்தின் நடுவே, தனக்கு எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கிழவர், பட்டதாரிகளைக் கேட்கிறார். அதை நினைத்தால் இப்போதும் மயிர்க்கூச்செறிகிறது. ஆனால் அந்தச் செய்தியோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொன்றை யாரும் சொல்வதில்லை. அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1935-ல், பக்கத்துக் கொச்சி ராஜ்ஜியத்தில் ஒரு புலையப் பெண் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் பட்டம் பெற்றுவிட்டார். தாட்சாயணி. முளவுகாடு தீவில் பிறந்தவர், இந்தியாவில் பட்டம் பெற்ற முதல் தலித் பெண். வேதியியல் வகுப்பில் ஆசிரியர் சோதனைகளை அவருக்குக் கிட்டே வைத்துக் காட்டமாட்டார். தூரத்தில் நின்று பார்த்தே அவர் கற்றுக்கொண்டார். ஒரு குடுவையில் நிறம் மாறுவதைத் தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பார்க்கும் ஒரு இளம்பெண்ணை நினைத்துப் பாருங்கள். படித்து முடித்து அவர் தேர்ந்தெடுத்தது ஆசிரியர் வேலையை. திருச்சூரிலும் திருப்பூணித்துறையிலும் அரசு உயர்நிலைப் பள்ளிகளில் 1945 வரை பாடம் நடத்தினார். பிறகு கொச்சி சட்டசபை, அதற்குப் பிறகு அரசியல் நிர்ணய சபை, அங்கே ஒரே தலித் பெண். அரசியல் நிர்ணய சபையின் தாட்சாயணி வேலாயுதனை இப்போது ஓரளவுக்குத் தெரியவைத்திருக்கிறார்கள். பத்து வருடம் கரும்பலகையின் முன் நின்ற தாட்சாயணி டீச்சரை யாரும் பேசுவதில்லை. எனக்கு அந்தப் பத்து வருடம் முக்கியமாகப் படுகிறது. தன்னைத் தூர நிறுத்திய வகுப்பறைக்கு, பாடம் நடத்துபவராக அவர் திரும்பிப் போயிருக்கிறார். இதற்கும் எண்பது வருடம் முன்னால், 1855-ல், சாவித்ரிபாய்–ஜோதிராவ் புலே தம்பதியின் பள்ளியில் படித்த முக்தா சால்வே என்ற பதினான்கு வயது மாங் சாதிச் சிறுமி, மாங், மகார் மக்களின் துயரத்தைப் பற்றித் தானே ஒரு கட்டுரை எழுதி, அது 'ஞானோதயா' பத்திரிகையில் வந்தது. கல்வி கிடைத்த இடங்களில் அவர்கள் பேசத் தொடங்கச் சில வருடங்களே போதுமாக இருந்திருக்கின்றன. பஞ்சமிக்கு அந்தச் சில வருடங்கள் கிடைக்கவில்லை.

இனி எங்கள் வட்டாரத்தைப் பற்றிப் பேச வேண்டும், இதுவே சொல்லக் கடினமான பகுதி. அமரவிளையிலும் பாறசாலையிலும் லண்டன் மிஷன் போட்ட பாதையில்தான் கல்வி வந்தது. அமரவிளையில் எல்.எம்.எஸ். பெயரில் மேல்நிலைப் பள்ளி இன்றும் இருக்கிறது. 1855-ல் திருவிதாங்கூர் அடிமை முறையை ஒழித்தது, 1859 ஜூலை 26 அன்று சாணார் பெண்கள் மார்பை மூடிக்கொள்ள அனுமதித்துப் பிரகடனம் வந்தது. எங்கள் பாட்டிமார்களின் பாட்டிகள் தோள்சீலைக்காக அடி வாங்கியவர்கள். அந்தத் துணியைச் சந்தையில் வைத்துக் கிழித்தார்கள் என்ற கதையைக் கேட்காமல் இங்கே யாரும் வளர்வதில்லை. அப்படி அடி வாங்கிய சமூகங்களும், பின்னர் ஈழவர்களும், நாயர்களும், பலவகைக் கிறிஸ்தவச் சபைகளும், எல்லோருமாகக் கேரளத்தில் பள்ளிகளைக் கட்டினார்கள். அவை எய்டட் பள்ளிகள் ஆயின. அங்கே ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கிறது, ஆசிரியரை மேனேஜர் நியமிக்கிறார். அந்த நியமனங்களுக்குப் பட்டியல் சாதியினருக்கான இடஒதுக்கீடு கிடையாது. 1957-ல் கல்வி அமைச்சர் ஜோசப் முண்டசேரி கொண்டுவந்த கல்வி மசோதாவில், எய்டட் பள்ளி ஆசிரியர்களையும் பி.எஸ்.சி. தயாரிக்கும் பட்டியலிலிருந்தே எடுக்க வேண்டும் என்று ஒரு பிரிவு இருந்தது. அந்த மசோதாவை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியில் 1959 ஜூலை 31 அன்று ஆட்சியே கலைக்கப்பட்டது, அந்தப் பிரிவும் போயிற்று. அதன்பின் எந்தக் கட்சி ஆட்சியும் அதைத் திரும்ப எடுக்கத் துணியவில்லை. பொதுப்பணத்தில் சம்பளம் வாங்கும் ஆயிரக்கணக்கான நாற்காலிகளுக்கு அவரவர் சமூகத்துக் கதவு வழியாகத்தான் போக முடியும் என்றால், பள்ளிக்கூடமே இல்லாத சமூகத்துப் பெண் எந்தக் கதவைத் தட்டுவாள்? தோள்சீலைக்காக அடி வாங்கிய பாட்டியின் பேரன் மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது, முன்னே விண்ணப்பத்தோடு வந்து நிற்கும் சாம்பவப் பெண்ணிடம் தன் பாட்டியை அவன் காணவேண்டாமா? எங்கள் சபைகளில் தோள்சீலை நினைவுக் கூட்டம் நடத்துகிறோம், பிரசங்கம் செய்கிறோம், கண் கலங்குகிறோம். அந்தக் கண்ணீர் நியமன உத்தரவுவரை வர வேண்டும் என்று கேட்பதில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

களியக்காவிளையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனாலும் இதே சங்கடம் வேறு உடையில் நிற்கிறது. 2018-ல் திருப்பூர் மாவட்டம் அவினாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில், ஒரு தலித் பெண் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிடாது என்று பள்ளியையே முற்றுகையிட்டார்கள். அதிகாரிகள் முதலில் செய்தது அந்தப் பெண்ணை இடமாற்றியது. எதிர்ப்பு எழுந்த பிறகே அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. அடுப்படியிலேயே இத்தனை எதிர்ப்பு என்றால் அலுவலக அறையில் எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ படித்த ஒரு தலித் மாணவனையும் அவனைக் காக்க ஓடிவந்த தங்கையையும் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் நீதிபதி சந்துரு தலைமையில் அமைத்த ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. அதில் சாதி அடையாளக் கயிறு, பொட்டு பற்றிய பரிந்துரைகளைத்தான் தொலைக்காட்சிகள் பேசின. ஒரு வட்டாரத்தில் ஆதிக்கமுள்ள சாதியைச் சேர்ந்தவர்களையே அங்கே தலைமையாசிரியராகவும் கல்வி அதிகாரியாகவும் நியமிக்கக் கூடாது என்ற பரிந்துரையும் அதில் உண்டு. அந்த அறிக்கையிலேயே அதிகம் பேசப்பட்டிருக்க வேண்டியது அது. அதைப் பேசாமல் விட்டதில் வியப்பில்லை. மாணவன் கையிலுள்ள கயிற்றை அறுக்கச் சொல்வதில் யாருக்கும் நாற்காலி போவதில்லை.

இவ்வளவும் எழுதியபின் என்னையே ஒரு கேள்வி இடைமறிக்கிறது. நாற்காலியில் யார் உட்கார்ந்தால் என்ன, ஒரு தலித் பெண் தலைமையாசிரியர் ஆனதும் பள்ளி மாறிவிடுமா? மாறாது. அவரும் மேலிடத்துச் சுற்றறிக்கைக்குக் கட்டுப்பட்டவர். தனியாக ஒருவரை உயர்த்தி நிறுத்தி, பார், நாங்கள் கொடுத்துவிட்டோம் என்று காட்டுவது பழைய தந்திரம். அவர் தவறினால் அந்தச் சமூகமே தவறியது என்பார்கள், சிறப்பாகச் செய்தால் விதிவிலக்கு என்பார்கள். இந்த ஆபத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் டீச்சரின் நோட்டு என் கண்முன் நிற்கிறது. தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறையும் நின்றுபோன உதவித்தொகையும் ஒரு பள்ளியின் முதல் வேலையாவது யார் அந்த அறையில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. பிரார்த்தனை நேரத்தில் வரிசையில் நிற்கும் ஒரு புலையச் சிறுமி, தன் அம்மையின் நிறத்திலும் தன் அம்மையின் பேச்சிலும் ஒருவர் மைக் முன்னால் நின்று எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொல்வதையும், எல்லோரும் அமைதியாவதையும் தினமும் பார்க்கிறாள் என்றால், அதை எந்தப் பாடப்புத்தகமும் அவளுக்குத் தர முடியாது. பக்கத்தில் நிற்கும் மேல்சாதிப் பிள்ளையும் அதையே பார்க்கிறான். அவனுக்கு அது இன்னும் அவசியம். இது அலங்காரத்துக்கான ஒரு நாற்காலியால் நடக்காது, நூற்றுக்கணக்கான பள்ளிகளில் சாதாரணமாக நடக்க வேண்டும், யாரும் திரும்பிப் பார்க்காத அளவுக்குச் சாதாரணமாக.

ஆகவே ஒரு வேண்டுகோள். நெய்யாற்றின்கரை, பாறசாலை உதவிக் கல்வி அலுவலர்களின் எல்லைக்குள் அரசுப் பள்ளிகளும் எய்டட் பள்ளிகளும் எத்தனை இருக்கின்றன, அவற்றில் பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்கள் எத்தனை பேர் ஆசிரியர்களாகவும் எத்தனை பேர் தலைமையாசிரியர்களாகவும் இருக்கிறார்கள் என்ற கணக்கைப் பள்ளி வாரியாகக் கேளுங்கள். சம்பளப் பட்டியல் அலுவலகத்தில் இருக்கிறது. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இதையே கேட்கலாம். கிடைத்த பதிலைச் சபைக் கூட்டத்திலும் கரயோகத்திலும் சங்கக் கூட்டத்திலும் உரக்கப் படியுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய்.